கடியாபட்டி மாளிகையில் இலைச் சாப்பாடு: உள்ளூர்க்காரனுக்கு எப்போது?

"சாப்பாடு எப்படி?" என்று கேட்ட காலம் மலை ஏறிவிட்டது. "படம் நல்லா விழுமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் இப்போது ஓட்டலுக்குள் கால் வைக்கிறார்கள்.

சென்னை மாதிரி பட்டணத்தில் இந்த மோகம் தாய்லாந்துச் சாப்பாட்டைச் சுற்றி வருகிறது. தங்க நிறச் சிலை, ஆர்க்கிட் பூ, மங்கலான விளக்கு, பூவாகச் செதுக்கிய காரட். செல்போனைத் தூக்கி நாலு படம். அப்புறம்தான் கரண்டி!

இதில் தாய்லாந்து அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. உலகம் பூராவும் தங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் பெருக வேண்டும் என்று 2002-ம் ஆண்டு திட்டம் போட்டது. கடை வைக்கக் கடன் கொடுத்தது. சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. தட்டைக் காட்டி நாட்டுக்கு ஆள் வரவழைக்கும் தந்திரம். கெட்டிக்காரர்கள்தான், சந்தேகம் இல்லை.

அதற்காகப் புதுக்கோட்டைக்காரர் ஏங்க வேண்டியது இல்லை. படம் விழுகிற இடம் கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது.

கப்பலில் வந்த தேக்கு

திருமயம் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே கடியாபட்டி. ராமச்சந்திரபுரம் என்றும் பெயர் உண்டு. அங்கே 'சிதம்பர விலாஸ்' என்ற செட்டியார் மாளிகை இப்போது தங்கும் ஓட்டலாக நடக்கிறது. வாழை இலை போட்டுச் செட்டிநாட்டுச் சாப்பாடு.

இந்த வீடுகளின் அழகைச் சொல்லி மாளாது. பர்மா தேக்கில் தூண். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்த சுவர், கண்ணாடி தோற்றுப்போகும். முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு என்று வாசலுக்கு நேர் வாசலாகப் பின்கட்டு வரை பார்வை போகும். கல்யாணம் காட்சி என்றால் இரண்டாங்கட்டில்தான் பந்தி. படம் எடுப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

அத்தனையும் கடல் தாண்டிச் சம்பாதித்த காசு. வட்டிக்கடை வைக்கப் பர்மா, மலேயா, இலங்கை என்று போனார்கள் நகரத்தார்கள். 1930-களில் உலகம் பூராவும் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மா விவசாயியால் கட்ட முடியவில்லை. நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் நெல் வயலில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. பர்மாக்காரன் வயிறு எரிந்ததும் உண்மை. அதை மறைத்துவிட்டுத் தூணை மட்டும் புகழ்வது நியாயம் இல்லை.

1942-ல் ஜப்பான்காரன் குண்டு வந்தது. உயிர் பிழைத்தால் போதும் என்று பலர் நடந்தே வந்தார்கள். 1962-க்குப் பிறகு ராணுவ ஆட்சி மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது.

காசு போயிற்று. நாக்கு மட்டும் மறக்கவில்லை!

கவுனி அரிசியே சாட்சி. கறுப்பாக, வெந்தால் கருநீலச் சிவப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். பர்மாவிலிருந்து வந்த பழக்கம். ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் நெய்யும் சேர்த்துக் கிளறுவார்கள். கல்யாண வீட்டில் அது இல்லாவிட்டால் பேச்சு வரும். பாங்காக்கில் இதே மாதிரி கறுப்பு அரிசியைத் தேங்காய்ப் பால் ஊற்றிக் கொடுக்கிறார்கள். சென்னையில் அதற்குக் காசு கொடுத்துப் படம் எடுக்கிற தம்பிக்கு, பாட்டி வீட்டுப் பானையில் அது இருந்த விஷயம் தெரியாது.

லாரியில் போகும் தூண்

வேதனை வேறு இடத்தில் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் எழுபதுக்கு மேல், சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடக்கின்றன. எத்தனையோ வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பத்துப் பேர், இருபது பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற யார் காசு போடுவது? மழை ஒழுகுகிறது. ஒருநாள் இடித்து, தூணும் கதவும் லாரி ஏறுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இப்படிக் கழற்றிய நிலையையும் ஜன்னலையும் விலை பேசலாம்.

உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கலாம் என்று 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. பட்டியல் ஒழுகுகிற ஓட்டை அடைக்காது.

அடுப்பு எரிகிற வீட்டுக்குத்தான் ஓடு மாற்றுகிறார்கள். விருந்தாளி வருகிறான், காசு வருகிறது, கொத்தனார் வருகிறார். அதனால் செல்போன் கூட்டத்தைக் கிண்டல் செய்ய வேண்டாம். வரட்டும், எடுக்கட்டும். ஆனால் இலையில் விழுந்த சோறு ஆறுகிற வரை எடுக்கக்கூடாது. "முதல்ல சாப்பிடுங்க தம்பி, தூண் எங்கேயும் ஓடிடாது" என்று பரிமாறுகிறவர் அதட்டலாம், தப்பில்லை. வெண்டைக்காய் மண்டியை அரிசி கழுவிய தண்ணீரில் வைத்திருப்பார்கள். படத்தில் அது மண் நிறக் குழம்பு, அவ்வளவுதான். வாயில் வைத்தால்தான் தெரியும் சங்கதி.

உள்ளூர்க்காரன் வெளியிலா?

ஓட்டல் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தூணைத் தூக்கி நிறுத்தியதும், சுவரைத் தேய்த்ததும், அடுப்படியில் வெந்ததும் இந்தச் சீமைக்காரர்கள்தான். அவர்கள் பேரன் பேத்திகள் தினம் சைக்கிளில் அந்த வாசலைத் தாண்டிப் போகிறார்கள். இரண்டாங்கட்டை எட்டிப் பார்த்தது இல்லை. நட்சத்திர ஓட்டல் விலை கேட்டால், கீழராஜ வீதிக் கடைச் சிப்பந்தி குடும்பத்தோடு எப்படிப் போவான்? தள்ளுவண்டியில் முட்டை மாஸ் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். (அதுவும் மட்டம் இல்லை, படம்தான் நன்றாக விழாது!)

"விலையைக் குறைத்தால் வியாபாரம் படுத்துவிடும்" என்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வருவது மார்கழி, தை மாதக் குளிரில். சித்திரை வெயிலில் எந்த வெள்ளைக்காரன் வருகிறான்? அந்த இரண்டு மாதம் பள்ளிக்கூடமும் லீவு. வாரத்தில் ஒருநாள், செவ்வாயோ புதனோ, மெஸ் விலைக்கு ஐம்பது இலை போடட்டும். கறி வேண்டாம். சாம்பார், மண்டி, ஒரு பொரியல், வெள்ளைப் பணியாரம், கடைசியில் ஒரு கரண்டி கவுனி அரிசி போதும். முன்னாடியே பெயர் கொடுத்துவிட்டு வரச் சொன்னால் சோறும் வீணாகாது. வரும் சித்திரையிலேயே ஆரம்பிக்கலாம்.