முப்பது நாளில் பஞ்சாக் கை வராது, தம்பிகளா!

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும், பொங்கலுக்கு விளையாட்டு விழா நடத்தும் இளைஞர் மன்றத்தாரும் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன். கோபம் வந்தால் திட்டலாம். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

மொரப்பூர் சுற்றுவட்டாரத்தில் பையன்களுக்கு இப்போது பஞ்சா பிடிக்கும் மோகம் வந்திருக்கிறது. சந்தோஷம்தான். செல்போனில் தலை கவிழ்ந்து கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். "அது ரவுடிப் பசங்க விளையாட்டு சார்" என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடிகர்கள் பர்வீன் தபாஸும் ப்ரீத்தி ஜாங்கியானியும் தொடங்கிய புரோ பஞ்சா லீக்கின் முதல் சீசன் 2023 ஜூலை, ஆகஸ்டில் டெல்லியில் நடந்தது. கொச்சி, ஐதராபாத், மும்பை, பரோடா, லூதியானா, ரோத்தக் என்று ஆறு அணிகள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் இடம் இருந்தது. கோப்பை கொச்சிக்குப் போனது. பக்கத்து மாநிலம் கோப்பையைத் தூக்குகிறது, அந்த ஆறில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. நம் பையன்களும் வரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

என் சண்டை இரண்டு பேரோடு. ஒருவர், "30 நாளில் பஞ்சா சாம்பியன்" என்று ரீல்ஸ் போட்டுப் பவுடர் டப்பா விற்பவர். இன்னொருவர், பிளாஸ்டிக் மேஜையைப் போட்டு மைக்கைப் பிடித்து "யார் வேணா வரலாம்" என்று கூப்பிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கல் குவாரியில் வேலை பார்க்கும் ஆளுக்கு எதிரே உட்கார வைக்கும் விழாக் கமிட்டிக்காரர்.

நான் அறிவியல் வாத்தியார். எனவே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முழங்கையை மடக்கி மேஜையில் ஊன்றியதும் உங்கள் முன்கை ஒரு நெம்புகோல் ஆகிவிடுகிறது. எதிராளி அந்த நெம்புகோலின் நுனியைப் பிடித்துச் சாய்க்கிறான். அந்த விசை மேல்கை எலும்பை அதன் அச்சிலேயே முறுக்குகிறது. மறுமுனையைத் தோள்பட்டைத் தசைகள் விடாமல் பிடித்திருக்கின்றன. ஈரத்துணியை இரண்டு பேர் பிடித்துப் பிழிவது போலத்தான். எலும்பு வளைவைத் தாங்கும் அளவுக்கு முறுக்கைத் தாங்காது. அதனால் முழங்கைக்குச் சற்று மேலே திருகு போல உடைகிறது. பெரும்பாலும் இது நடப்பது எப்போது தெரியுமா? கை ஒரு பக்கம் இருக்க, முகத்தையும் தோளையும் மறுபக்கம் திருப்பி உடம்பின் எடையைப் போட்டு இழுக்கும்போது. நம் ஊர் விழாவில் அதிகக் கைத்தட்டல் வாங்குவதும் அதே இழுப்புதான்!

அந்த எலும்பின் பின்புறம் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் மணிக்கட்டைத் தூக்க முடியாது, கை தொங்கிவிடும். என் பழைய மாணவர் ஒருவரின் மகனுக்கு அப்படித்தான் ஆனது. ஒரு விழா மேடையில் "டொக்"கென்று கேட்ட சத்தத்தை மேஜை உடைந்தது என்று நினைத்துக் கூட்டம் சிரித்ததாம். எலும்பு கூடிய பிறகும் பல மாதம் அவனால் டம்ளர் பிடிக்க முடியவில்லை. ஓசூர் கம்பெனி வேலையும் போனது. கூலிக்குப் போகும் வீட்டில் ஒரு வலது கை முடங்கினால் என்ன ஆகும் என்று விழாக் கமிட்டி யோசித்ததா?

பள்ளிப் பையன்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. முழங்கையின் உட்புறம் ஒரு எலும்பு முண்டு இருக்கிறதே, 13 முதல் 16 வயதில் அது வளர்ச்சிக் குருத்தெலும்பால்தான் ஒட்டியிருக்கும். மணிக்கட்டை மடக்கும் தசைகள் எல்லாம் அங்கேதான் பிடித்திருக்கின்றன. முழுப் பலத்தோடு இழுத்தால் தசை அந்த முண்டையே பெயர்த்துவிடும்.

ரீல்ஸ்காரர் இதில் எதையாவது சொல்கிறாரா? புஜத்தைக் காட்டுகிறார். தசை சில வாரங்களில் பலமாகும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் இறுக மாதக்கணக்கில் ஆகும். 30 நாளில் நீங்கள் சம்பாதிப்பது, தன் நாணையே அறுத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்த தசை. அவ்வளவுதான். அமெரிக்காவின் ஜான் பிரசெங்க்கைத் தேடிப் பாருங்கள். ஸ்டாலோன் நடித்து 1987-ல் வந்த "ஓவர் தி டாப்" படத்தை ஒட்டி லாஸ் வேகாஸில் நடந்த போட்டியில், லாரி ஓட்டுநர் பிரிவில் வென்று லாரியையே பரிசாக வாங்கியவர். தன்னைவிட மிகக் கனமானவர்களைப் பல பத்தாண்டுகள் சாய்த்தவர். அவர் ஜெயித்தது மணிக்கட்டாலும் விரலாலும், கோணம் தெரிந்ததாலும்.

"எங்க தாத்தா என்ன ஜிம்முக்கா போனாரு?" என்று கேட்பீர்கள். உங்கள் தாத்தா பத்து வயதிலிருந்து மண்வெட்டி பிடித்தவர், மூட்டை தூக்கியவர். இளவட்டக்கல்லைத் தொடும்போது அவர் கைக்குப் பத்து வருடப் பயிற்சி ஆகியிருந்தது. உங்கள் கைக்கு?

சரி, என்னதான் செய்வது? காசு செலவில்லாத வழி சொல்கிறேன். முதல் மூன்று மாதம் மேஜைப் பக்கமே போகாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று நாள், இரண்டு கைக்கும் இதைச் செய்யுங்கள்.

1. கம்பியில் துண்டைப் போட்டு இரு முனையையும் பிடித்துத் தொங்குங்கள். பிறகு புல் அப்ஸ். முதுகும் விரல் பிடியும் சேர்ந்து ஏறும்.

2. பக்கெட் கைப்பிடியில் பழைய துணி சுற்றித் தடிமனாக்குங்கள். முன்கையைத் தொடைமேல் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டை மட்டும் மடக்கி நீட்டுங்கள். 15 முறை, மூன்று சுற்று. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு வாரம் சுலபமாக வந்தால் மட்டும் அரை லிட்டர் கூட்டுங்கள்.

3. சுத்தியலின் காம்பு நுனியைப் பிடித்து, உள்ளங்கை கீழே பார்க்கும்படி மெதுவாகத் திருப்பி மறுபடி மேலே கொண்டு வாருங்கள். பிறகு கையைத் தொங்கவிட்டு, சுத்தியல் தலையைப் பெருவிரல் பக்கமாகத் தூக்குங்கள். எதிராளியின் விரலைத் திறக்கும் பலம் இதில்தான் வருகிறது.

4. டம்பெல் இருந்தால் பெருவிரல் மேலே இருக்கும்படி பிடித்து மடக்குங்கள்.

நான்காம் மாதம் மேஜைக்கு வாருங்கள். வாரம் ஒரு நாள், உங்கள் எடை உள்ளவரோடு, பாதிப் பலத்தில். கண் எப்போதும் உங்கள் கையின் மேல் இருக்கட்டும். கை போகும் பக்கமே தோளும் போகட்டும். முழங்கையின் உட்புறம் வலித்தால் அன்றோடு நிறுத்துங்கள். முட்டை, நிலக்கடலை, பயறு, ராகிக் களி போதும். பவுடர் டப்பா காசில் வீட்டுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

விழா நடத்துபவர்களுக்கு: 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்களோடு மோத விடாதீர்கள். எடை பார்க்காமல் ஜோடி சேர்க்காதீர்கள். முழங்கைக்கு மெத்தை, மறு கைக்குப் பிடிகம்பு உள்ள மேஜை வேண்டும். தோள் திரும்பியதும் ஆட்டத்தை நிறுத்தத் தெரிந்த நடுவர் வேண்டும். குடித்துவிட்டு வருபவரை மேடை ஏற்றாதீர்கள். இவ்வளவும் முடியாது என்றால் கயிறு இழுக்கும் போட்டி வையுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியும் அடிபட்டால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். கையை அசைக்காமல் கட்டி, அரூர் அரசு மருத்துவமனைக்கோ தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுங்கள்.

எந்தக் கமிட்டி கேட்டாலும் விதிமுறைகளை ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன், வீட்டுக்கு வாருங்கள். பையன் வைத்திருக்கும் பெற்றோருக்கு இதைப் பகிருங்கள்.

– ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், மொரப்பூர்