துண்டு வேண்டா, முழுநாடகம் வேண்டும்!

தமிழில் இசைநாடகம் உண்டா என்று வினவுகின்றனர் சிலர். அயலார் வினவின் பொறுக்கலாம். முத்தமிழ், முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்கிவிட்டு, மூன்றாந் தமிழைத் திரும்பியும் பாராத தமிழரே வினவுங்கால் நெஞ்சு கொதிக்கின்றது.

இசையரங்குகளைப் பாருங்கள். தெலுங்கும் வடமொழியும் நெடும்பொழுது பாடி, அவையோர் எழத்தொடங்கும் வேளையில் தமிழ்ப்பாட்டு ஒன்றை எடுக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதற்குத் ‘துக்கடா’ என்று பெயர். துண்டு என்னும் பொருள்படும் வடநாட்டுச் சொல் அது. பெயர் பொருத்தந்தான்! அருணாசலக் கவிராயரின் இராம நாடகம் அங்ஙனந்தான் துண்டாடப்பட்டது. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியபின் தமிழ்ப்பாட்டுக்கு மதிப்பு உயர்ந்தது. பாட்டைப் பெற்ற நாடகமோ இன்னும் வாயிலிலேயே நிற்கின்றது.

அன்பர்களே, நீங்கள் முழுமையாகக் காணவேண்டிய மூன்றினைக் கூறுவேன்.

முதலாவது, மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. ஆடவும் பாடவும் எழுந்த அந்நூலை மதிப்பெண்ணுக்கு ஒப்பிக்கும் மனப்பாடச் செய்யுளாக்கினோம். அக்குற்றத்தில் ஆசிரியனாகிய எனக்கும் பங்குண்டு. ஓராண்டு, சிங்கன் சிங்கி உரையாடலை வகுப்பில் நடிக்கச் செய்தேன். சிங்கியின் அணிகலன் ஒவ்வொன்றையும் கண்டு மருண்டு சிங்கன் வினவ, அவள் விடையிறுக்கும் பகுதி அது. எந்தத் தேர்விலும் தேறாத பின்வரிசை மாணவன் சிங்கனாக நின்றான். உரை கேளாமலே வகுப்பு முழுதும் பொருளுணர்ந்து நகைத்தது. அதனையே ஆண்டுவிழாவில் அரங்கேற்ற இசைவு கேட்டேன். “அதையெல்லாம் யார் பார்ப்பார்?” என்பதே விடை. அவ்விழாவில் பிள்ளைகள் திரைப்பாட்டுக்கு ஆடினர்!

இரண்டாவது, கோபாலகிருட்டிண பாரதியாரின் நந்தனார் கீர்த்தனை. தில்லை காண விழையும் பண்ணையாளுக்கு, நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தபின் போ என்று ஆணையிடும் வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. பாரதியார் படைத்த பாத்திரம் அவர். உழைப்பவன் கெஞ்சலையும் உடையவன் செருக்கையும் எதிரெதிர் நிறுத்திய அவ்விசைக்கதையில், உருக்கமான பாட்டு இரண்டை மட்டும் எடுத்துப் பாடுவோர் அந்தச் செருக்கை வசதியாக மறைத்துவிடுகின்றனர்.

மூன்றாவது, சங்கரதாசு அடிகளின் வள்ளி திருமணம். அடிகள் (1867-1922) 1918இல் மதுரையில் நாடகக்குழு அமைத்துச் சிறுவர்களைப் பயிற்றியவர். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இணைந்து புகழீட்டியது இந்நாடகத்தில். விடுதலைப் பாட்டை மேடையில் பாடிப் பன்முறை சிறைசென்ற விசுவநாத தாசு, 1940 திசம்பர் 31 அன்று சென்னையில் இந்நாடகத்தில் முருகனாக வீற்றிருந்தபோதே உயிர்நீத்தார். இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் இதனைக் காணலாம். வெவ்வேறு ஊரினின்று வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையேறி, நாரதரும் வள்ளியுமாய்ச் சொற்போர் தொடுப்பர். அடுத்த வினா யாதென்று இருவரும் அறியார். அங்கே விடையிறுக்கும் அம்மையாரின் தமிழ்ப்புலமையைக் கல்லூரிப் பட்டம் அளந்துவிட முடியுமா?

“அவற்றில் வடசொற் கலப்பு மிகுதியாயிற்றே!” என நம்மவர் முகஞ்சுளிப்பது எனக்குத் தெரியும். கலப்பு உண்டு, மறுக்கவில்லை. ‘இராசபார்ட்டு’, ‘பபூன்’ என்னும் பெயர்களும் கலப்பே. ஆயினும் வயலில் களை மண்டியதென்று நிலத்தையே விற்பவன் உழவனா? களையெடுப்பதன்றோ நம் கடமை! நாம் முகந்திருப்பியதால் அந்நடிகர் தமிழை விட்டாரில்லை. அவரை நாந்தான் விட்டோம்.

ஊர் விழாக்குழுவில் உள்ளவர்களே, இவ்வாண்டு திரையிசைக்குச் செலவிடும் பணத்தில் ஓரிரவை இசைநாடகத்திற்கு ஒதுக்குங்கள். ஆசிரியர்களே, குறவஞ்சியை நூலினின்று எழுப்பி மேடையில் நிறுத்துங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளுடன் முன்வரிசையில் அமர்ந்து விடியும்வரை காணுங்கள்.

பார்ப்பார் யார் என்று கேட்டவர்க்கு விடை ஒன்றே: நாம் பார்ப்போம்!