படிப்பது ஒருவர், சுமப்பது குடும்பம்

வயது 35. என்ஜினீயர் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள். இந்த நிலையில் ஒருவர் எம்.பி.ஏ. படிக்க விரும்புகிறார். நல்ல ஆசைதான். படிப்புக்கு வயது ஏது?

ஆனால், மனுப் போடும் முன் கணக்குப் போட வேண்டும்.

வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்று ஆமதாபாத் ஐ.ஐ.எம். 2006-ல் ஓராண்டுப் படிப்பைத் தொடங்கியது. கொல்கத்தா, பெங்களூர் ஐ.ஐ.எம்.களிலும் இத்தகைய படிப்பு உண்டு. முழு நேரப் படிப்பு. வேலைக்குப் போக முடியாது. ஆகவே, கட்டணம் மட்டும் செலவு அல்ல. வராத சம்பளமும் செலவுதான். வீட்டு வாடகை நிற்குமா? பள்ளிக்கூடக் கட்டணம் காத்திருக்குமா?

அவசரம் வேண்டாம். இதற்கு எழுதும் 'ஜிமேட்' தேர்வின் மதிப்பெண் 5 ஆண்டு வரை செல்லும். தேர்வை முதலில் எழுதலாம். பிறகு பணம் சேர்க்கலாம். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு இல்லாத ஆண்டாகப் பார்த்து மனுப் போடலாம். வேலையை விட முடியாதவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வகுப்பில் சேரலாம்.

எதுவானாலும் மனைவியிடம் முதலில் பேச வேண்டும். இடம் கிடைத்தபின் சொல்வது, தகவல். மனுப் போடும் முன் கேட்பதே, யோசனை.

பட்டம் ஒருவர் பெயரில் வரும். அந்த ஓராண்டை வீட்டில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்துதான் கடக்க வேண்டும்.