புல்தான் இருக்கே, மாட்டை ஏன் விடல?

ஏப்ரல் விடுமுறையில் பிரிஸ்பேனிலிருந்து லாங்ரீச் வரைக்கும் காரில் போனோம். கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். வழிநெடுக "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளும் ஓய்ந்துவிட்டார்கள்.

நாங்கள் தங்கிய பண்ணையில் நீண்ட வறட்சிக்குப் பிறகு மூன்று வாரம் முன்னால்தான் நல்ல மழை. வேலிக்குள்ளே மிட்செல் புல் பச்சைப் பசேலென்று துளிர்த்திருந்தது. மாடுகளோ ஒரு சின்னப் பட்டியில் நின்று, காசு கொடுத்து வாங்கிய காய்ந்த புல்கட்டைத் தின்றுகொண்டிருந்தன. "புல்தான் இருக்கே, மாட்டை ஏன் விடல?" என்றாள் சின்னவள். எனக்குப் பதில் தெரியல.

பண்ணைக்காரர் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு புல்லின் தூரை விரலால் விலக்கிக் காட்டினார். மேலே செத்த மாதிரி இருந்தாலும் தூரில் மொட்டுகள் உயிரோடு இருக்குமாம். மழை பெய்ததும் வருகிற முதல் இலைகளை, புல் தன் சேமிப்பை எடுத்துத்தான் விடுகிறது. அந்த இலைகள் விரிந்து வெயிலில் உணவு தயாரித்தால்தான் எடுத்ததைத் திருப்பி வைக்க முடியும். அதற்குள் மாடு கடித்துவிட்டால் மறுபடியும் சேமிப்பில்தான் கை வைக்கணும். வேரும் வறட்சியில் குறுகிப்போயிருக்கும். வெறும் வறட்சியைத் தாங்குகிற தூர்கூட, வறட்சியோடு மேய்ச்சலும் சேர்ந்தால் செத்துப்போவது இதனால்தான்.

அமெரிக்காவில் கிரைடர் என்பவர் 1955-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இலையில் பாதியை வெட்டினால் வேர் பெரும்பாலும் வளர்ந்துகொண்டே இருந்தது. எண்பது சதவீதத்தை வெட்டினால் வேர் வளர்ச்சி பன்னிரண்டு நாள் அப்படியே நின்றுவிட்டது.

அதனால்தான் முதல் நல்ல மழைக்குப் பிறகு ஆறிலிருந்து எட்டு வாரம் அவர் கேட்டைத் திறப்பதில்லை. பாதி மாடுகளை ஏற்கெனவே விற்றாச்சு, மிச்சத்துக்குத் தீனி கடனில். முந்தைய வறட்சியில் பொறுக்காமல் திறந்துவிட்ட ஒரு பகுதியையும் காட்டினார். தூர்களுக்கு நடுவே வெறும் களிமண். இத்தனை வருஷமாகியும் அங்கே புல் பழையபடி நெருங்கி வரல.

திரும்பும் வழியில் சாலையோரம் பஃபல் புல். 1870-களில் ஒட்டகச் சேணத்துக்குள் அடைத்து வந்தது என்பார்கள். இங்கே மாடு வளர்ப்பவர்களுக்கு அது வரம், காட்டைக் காப்பவர்களுக்குத் தலைவலி. படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "டேய், இது நம்ம கொழுக்கட்டைப் புல்லுடா!"

காங்கேயம் பக்கத்தில் அப்பிச்சியின் கொறங்காடு முழுக்க அதே புல்தான். கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள். சின்ன வயதில் லீவுக்குப் போனபோது நான் பார்த்தது அவ்வளவுதான். "மழை பேஞ்சா அப்பிச்சி படலைச் சாத்திருவாரு. மாடு கத்தினாலும் தொறக்க மாட்டாரு" என்றார் அம்மா.

இப்போது அது வருஷக் குத்தகையில் இருக்கிறது. போன மழைக்கு மறுவாரமே குத்தகைக்காரர் மாட்டை விட்டுவிட்டாராம். மாமா கேட்டதற்கு, "அடுத்த வருசம் காடு யாரு கையில இருக்குமோங்க" என்றாராம். அவர் சொல்வதிலும் தப்பில்லையே! குத்தகையை மூன்று வருஷமாக எழுதி, சாத்தி வைக்கிற வாரங்களுக்குப் பணத்தைக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"மாமாகிட்ட நீயே பேசு" என்றார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடணும்.