வழுக்கும் அழகு நமக்கு எதற்கு?



வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றி என்ன தளம் போடலாம் என்று நம்ம திருச்சுழிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். "குடிக்கவே தண்ணியக் காணோம், இதுல நீச்சல் குளமா?" என்று சிரிப்பார்கள். ஆனால் கோடை லீவில் நாம் குதித்து ஆடினோமே, பம்புசெட் தொட்டி... அதுதானே கரிசல் காட்டின் நீச்சல் குளம்! அந்தத் தொட்டியைச் சுற்றியுள்ள நாலடித் தளத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

போன வருஷம் சித்தப்பா தோட்டத்தில் தொட்டியைப் புதுப்பித்து, சுற்றிலும் பளபளவென்று டைல்ஸ் ஒட்டினார்கள். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். இரண்டாவது மாதமே துணி அலசப் போன அப்பத்தா சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். "ஏய்யா, நீ கட்டடப் படிப்புதான படிக்கிற, இதெல்லாம் சொல்லித் தரமாட்டாகளா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த டைல்ஸைக் கடையில் தேர்ந்தெடுத்தவனே நான்தான்!

வழவழப்பான தளத்தில் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் படலமாக நிற்கிறது. சோப்பும் சேர்ந்தால் உராய்வு போயே போச்சு. சொரசொரப்பான தளத்தில் தண்ணீர் பள்ளங்களில் ஒதுங்க, மேடுகள் காலைப் பிடித்துக்கொள்ளும். ஜெர்மனியில் டின் 51097 என்றொரு தரம் இருந்தது. சோப்புத் தண்ணீர் ஓடும் சாய்தளத்தில் ஆளை வெறுங்காலோடு நடக்கவிட்டு, சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 12 டிகிரி தாங்கினால் ஏ வகுப்பு, 18 என்றால் பி, 24 என்றால் சி. குளக்கரை நடைபாதைக்கு பி வகுப்பாவது வேண்டும். நாமோ கடையில் கலரை மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம்!

அம்மி தேய்ந்தால் கொத்துகிறவர்கள் நாம். உளி கொத்திய கருங்கல்லின் அருமை நமக்குத் தெரியாததா?

என் கருத்து இதுதான். தொட்டி ஓரத்துக்குக் கொத்திய கருங்கல் போடலாம். இல்லையென்றால் சாதாரண கான்கிரீட்டே போதும். இறுகும் முன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் கால் வழுக்காது. டைல்ஸ் செலவும் மிச்சம். பாலிஷ் போட்ட கடப்பா கல் வேண்டாம். ஈரத்தில் வழுக்கும், நம்ம ஊர் வெயிலில் காலைச் சுடும்.

"சொரசொரப்புல பாசி புடிக்குமே?" என்பீர்கள். உண்மைதான். அதற்குத்தான் 50 அடிக்கு 1 அடி வாட்டம் விட்டு, தண்ணீரைத் தென்னை மூட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும்.

இன்னொன்று, நம் மண். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் நேரடியாகத் தளம் போட்டால் பிளந்து விளிம்பு தூக்கிக்கொள்ளும். அதில் கால் தடுக்கி விழவும் ஆள் வேண்டுமா? கரிசலை வெட்டியெடுத்துவிட்டு, கிராவல் நிரப்பிக் கெட்டித்த பிறகே கான்கிரீட். இந்த வெக்கையில் 10 நாளாவது தண்ணீர் நனைத்து வைக்க வேண்டும்.

நாளை நாம் சைட்டில் நிற்கும்போது, "சார், பளபளன்னு போட்ருவமா?" என்று கேட்பார்கள். ஈரக்காலோடு அங்கே நடக்கப்போகும் ஒரு அப்பத்தாவை நினைத்துக்கொண்டு பதில் சொல்வோமா நண்பர்களே?