‘சுபம்’ என்று முடிவதில் என்ன குற்றம்?

காதற்புதினங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் இலக்கிய அன்பர்கள் சிலருடைய உதட்டில் ஏளனச் சிரிப்பொன்று நெளிகிறது. ரமணிசந்திரன் 150க்கும் மேற்பட்ட புதினங்களை எழுதியவர். வாடகை நூலகங்களில் அட்டை கிழிந்து, ஒட்டப்பட்டு, மீண்டும் கிழியும் அளவுக்கு அவை கைமாறியிருக்கின்றன. ஆயினும், ‘அதெல்லாம் இலக்கியமா?’ என்ற ஒரே வினாவால் அவரையும் அவரைப் படிப்போரையும் ஒதுக்கிவிடலாம் என இவர்கள் எண்ணுகின்றனர். பங்கு நூலகத்திற்கு நூல் தெரிவு செய்வோரில் சிலர் ஒருபடி மேலே சென்று, இத்தகைய நூல்கள் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்கின்றனர்.

இலக்கியமா அன்றா என்ற வழக்கை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. விடியுமுன் எழுந்து, சமைத்து, எல்லாரையும் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் அனுப்பி, மாமியாருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்து, மாலையில் மீண்டும் அடுப்பங்கரைக்குள் நுழையுமுன் ஒரு மணி நேரம் தனக்கென வாய்க்கப்பெறும் பெண், அந்நேரத்தில் எதைப் படிக்கவேண்டும் என்று ஆணையிட நாம் யார்? செல்வந்தனான நாயகன், தன்மானமுள்ள நாயகி, ஒரு தவறான புரிதல், சிறிது கண்ணீர், பின் திருமணம். முடிவு முதற்பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதே என்று குறை கூறுகின்றனர். தெரிவதால்தானே அவள் அதைக் கையில் எடுக்கிறாள்! மகனுக்கு வேலை கிடைக்குமா, வாங்கிய கடன் அடையுமா என எதற்குமே முடிவு தெரியாத வாழ்வில், முடிவு தெரிந்த ஒன்றை மனம் நாடுவதில் வியப்பென்ன? புகைவண்டியில் ராஜேஷ்குமாரின் துப்பறியும் கதையில் மூழ்கியிருக்கும் ஆண்மகனிடம் சென்று, ‘கொலை செய்யக் கற்றுக்கொள்கிறீரோ?’ என்று எவரும் வினவுவதில்லை.

ஒழுக்கம் பேசுவோர் அவிலாவின் புனித தெரேசாவைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. இளமையில் குதிரைவீரர்களின் சாகசக் காதற்கதைகளில் மூழ்கியதால் தம் நல்லார்வம் தணிந்தது என்று அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருப்பது உண்மையே. ஆனால் அந்த இரண்டாம் அதிகாரத்தை முழுமையாகப் படித்தவர் எத்தனை பேர்? அக்கதைகளில் விருப்பம் கொண்டிருந்தவர் அவருடைய தாய் பெயாத்ரிஸ். பல பிள்ளைகளைப் பெற்று, ஓயாத நோயில் வாடி, 33 வயதிலேயே இறந்த பெண் அவர். தம் பெருந்துன்பங்களை நினையாதிருக்கவே தாய் அவற்றைப் படித்திருக்கலாம் எனத் தெரேசா கருதுகிறார். தமக்கு நேர்ந்த தீங்கு தாய்க்கு நேரவில்லை, அவர் தம் கடமைகளைக் கைவிடவில்லை என்றும் பிரித்துக் காட்டுகிறார். பகலும் இரவும் மறைந்திருந்து படித்த சிறுமி வேறு. வேலைக்கிடையே இளைப்பாறிய தாய் வேறு. 16ஆம் நூற்றாண்டில் கார்மேல் சபைத் துறவி ஒருவர் கண்டுகொண்ட இவ்வேறுபாடு நம் நூல் தெரிவாளர்களுக்கு ஏன் புலப்படவில்லை? (தந்தை அலோன்சோவுக்கு அக்கதைகள் அறவே பிடிக்காதாம், அவர் கண்ணில் படாமல்தான் வீட்டில் படித்தார்களாம். அன்றும் அப்படித்தான்!)

இக்கதைகளில் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. நாயகியைச் சந்தேகித்துச் சுடுசொல் வீசுகிறவனையும் கை ஓங்குகிறவனையும் ‘உள்ளூர அன்புடையவன்’ என்று மன்னித்துவிடும் கதைகள் உண்டு. அதனைக் கண்டியுங்கள், நாமும் உடன் நிற்கிறோம். ஆனால், ‘இவனைப் போய் ஏன் கட்டிக்கொண்டாள்?’ என்று முதலில் கேட்பவர்கள் அக்கதைகளைப் படிக்கும் பெண்களே என்பதை அறிவீர்களா? பழிப்போரிலோ பலர் அவற்றைத் திறந்தும் பார்த்ததில்லை. படிக்காமலே தீர்ப்பெழுதுவோருடன் வழக்காடுவது எங்ஙனம்?

பங்கு நூலகங்களில் ஒரு தட்டையேனும் இப்புதினங்களுக்கு ஒதுக்குங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து நூல் எடுக்க வரும் பெண்ணின் கையிலுள்ள அட்டைப்படத்தைக் கண்டு முகஞ்சுளிக்காமல், திருப்பித் தரவேண்டிய தேதியை மட்டும் குறித்துக் கொடுங்கள்.