வண்டியின் பாரமும் வாலிபர் வேகமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக எனத் தமிழாசிரியனைப் பணித்தால், அவன் சங்கச் சான்றோரைப் பற்றியோ சமய குரவரைப் பற்றியோ எழுதுவான் என்பதே யாவரும் எதிர்பார்ப்பது. மோட்டார் வண்டியின் உட்புறத்தை உரித்துப் பந்தயத்துக்கு ஆயத்தஞ் செய்யும் வழக்கத்தைப் பற்றி அவன் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், கிராண்ட்பாஸில் வாழும் ஒருவனுக்கு இஃது அயலூர்ச் செய்தியன்று. கராஜ்களின் சுத்தியலோசை எம் செவிக்குப் பழகியது. சற்றே நடந்தால் உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தை. நம் கல்லூரியிற் பயின்ற பிள்ளைகள் சிலர் இத்தொழிலிலே இருக்கின்றனர். வேறு சிலர் அலுவலகப் பணி முடிந்த பின்னர் இவ்விளையாட்டிலே பொழுதையும் பொருளையுஞ் செலவிடுகின்றனர். ஆகவே இதுபற்றி என் கருத்தைக் கூறுதல் தகும் என எண்ணுகின்றேன்.

அவர்கள் செய்வது இதுதான். முதலிற் பின்னாசனங்களைக் கழற்றுவர். பின்னர் நிலவிரிப்பு, கதவின் உட்பலகை, கூரைத்துணி, வானொலி, குளிரூட்டி, மேலதிகச் சில்லு என ஒவ்வொன்றாக வெளியேறும். சாரதிக்கு அருகிலுள்ள ஆசனமும் போய்விடும். இறுதியில் எஞ்சுவது தரைத்தகட்டில் ஒட்டியிருக்கும் தார்ப்படை. ஓசையையும் அதிர்வையும் அடக்குவதற்காகத் தொழிற்சாலையிலே ஒட்டப்படும் அதனை உளிகொண்டு சுரண்டுவாரும் உளர். உலர்பனி எனப்படும் திண்மக் காபனீரொட்சைட்டைப் பரப்பி, பூச்சியத்துக்குக் கீழே 78 பாகைக் குளிரில் அப்படை கண்ணாடிபோல் இறுகியதும் சுத்தியலால் தட்டிப் பெயர்ப்பாரும் உளர். (அடைத்த அறையினுள்ளே இதனைச் செய்தல் மூச்சுக்கு ஆபத்தாகும் என்பதை இளைஞர் மறத்தலாகாது.)

இவ்வளவு பாடு எதற்கு? மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். பந்தயக்காரர் அவ்வுண்மையை மறுபக்கத்திலிருந்து காண்கின்றனர். இறகு இறகாகக் கழித்தாலும் அது கணக்கிற் சேரும் என்பது அவர் கொள்கை. ஆயிரங் கிலோ வண்டியில் நூறு கிலோவைக் குறைத்தால், எஞ்சினில் ஓர் ஆணியைத் தொடாமலே ஆர்முடுகல் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினொன்று கூடும். அதே வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்துவதற்குப் பிறேக்குகள் விழுங்கவேண்டிய சத்தி நூற்றுக்குப் பத்துக் குறையும். ரயரின் உழைப்புங் குறையும். நேரான சமதரையிலே உச்ச வேகம் மட்டும் பெரிதாகக் கூடாது. அங்கே எதிர்நிற்பது காற்றேயன்றிப் பாரமன்று. மலையேற்றத்திலோ ஒவ்வொரு கிலோவும் காலிற் கட்டிய கல். 1934 ஆம் ஆண்டு தொடக்கம் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைக் கண்டுவந்த நம் நாட்டவருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெரியோர் சிலர் இதனை வீண்செலவென்றும் பைத்தியமென்றும் இகழ்வர். அவர்களோடு நான் உடன்படேன். எது வேண்டும், எது வேண்டாம் என ஒரு பொருளை உறுப்புறுப்பாக ஆராய்வது நல்ல பயிற்சி. ஒவ்வோர் உறுப்பையுங் கழற்றி, நிறுத்து, குறிப்பேட்டில் எழுதும் பிள்ளை பௌதிகத்தைக் கைகளாற் கற்கின்றான். என் வகுப்பிலே கட்டுரை எழுதுவோர் இவ்வாறு தம் சொற்களை நிறுத்துப் பார்த்தால் எத்துணை நன்றாயிருக்கும்! ஆனால் நன்னூலார் மிகைபடக் கூறலை மட்டுமா குற்றமென்றார்? குன்றக் கூறலையும் அதனோடு சேர்த்தன்றோ எண்ணினார். இளைஞர் தவறுமிடம் அதுவே.

என்னிடந் தமிழ் பயின்ற பிள்ளையொருவன் வீட்டு வண்டியின் பின்னாசனத்தையும் பட்டிகளையுங் கழற்றிவிட்டான். அவ்வண்டி பந்தயத் திடலைக் கண்டதில்லை. "பாரங் குறைந்தால் வண்டி பறக்கும், சேர்" என்றான். அவன் தங்கை வகுப்புக்குப் போவது அதே வண்டியில். வெறுந் தகட்டின்மேல் ஒரு தலையணையை இட்டு அமர்ந்து போகின்றாள். தமையன் சடுதியாகப் பிறேக்கை மிதித்தால் அப்பிள்ளையைத் தாங்குவதற்கு அங்கே என்ன இருக்கின்றது? இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அத்தலையணையே.

உண்மையான பந்தயக்காரன் எடுப்பதோடு நிற்பதில்லை. எடுத்ததில் ஒரு பகுதியை வேறுருவில் திரும்ப வைக்கின்றான். வண்டி புரண்டாற் கூரை நசுங்காதிருக்க உருக்குக் குழாய்களாலான கூட்டைப் பொருத்துகின்றான். கழித்த பாரத்திற் பெரும்பங்கு அக்கூட்டாலே மீண்டும் ஏறிவிடும். உடலைப் பல முனைகளில் இறுக்கும் பட்டி, தீயணைகருவி, தலைக்கவசம் ஆகியனவும் வேண்டும். பின்னாசனம் வெறும் மெத்தையன்று. பல வண்டிகளில் அதுவே பெற்றோற்றாங்கிப் பக்கத்துக்கும் மனிதர் இருக்கும் பக்கத்துக்கும் இடையிலுள்ள மறைப்பு. அதை நீக்கியவன் அவ்விடத்தில் உலோகத் தகடொன்றை அடைத்தே ஆகவேண்டும். இன்னொன்றையும் பலர் அறியார். அவ்வுருக்குக் கூடு தலைக்கவசம் அணிந்தவனுக்கே காவல். வெறுந்தலையோடு வீதியில் ஓட்டுபவனுக்கு, சிறு மோதலிலும் அக்குழாயே மண்டையைப் பிளக்கக்கூடும். ஆதலின் பந்தயத்துக்குரிய வண்டி வீதிக்கு ஆகாது. வீதிக்குரிய வண்டியை அரைகுறையாக உரித்தால் அது இரண்டுக்கும் ஆகாது.

பெருங் கம்பனிகளின் அனுபவமும் இதுவே. ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் 1972 இல் 911 கரேரா ஆர்.எஸ். என்ற வண்டியை வெளியிட்டது. அதன் இலேசான வகையிலே பின்னாசனமில்லை, மணிக்கூடில்லை. கதவை இழுப்பதற்கு ஒரு வார்தான் இருந்தது. கண்ணாடியுந் தகடும் மெல்லியன. நிறை ஏறக்குறைய 960 கிலோ. மெத்தையும் வசதியும் வைத்த வகையோ 1,075 கிலோ. செய்யப்பட்ட ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளில் இலேசான வகை இருநூறளவே. ஏனையோரிற் பெரும்பாலார் மெத்தையையே விரும்பினர். வேகத்துக்கென்றே பணங்கொடுத்தவருங்கூட, வீதியில் ஓட்டுவதற்கு எது தகுமென்பதை அறிந்திருந்தனர்.

நம் நாட்டு நிலையில் இன்னொரு செய்தியுங் கருதத்தக்கது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். அவ்வைந்தாண்டுகளிற் பழைய ஸ்ராலெற்றும் லான்சரும் பொன்போல் விலையேறின. அவற்றின் கதவுப் பலகையோ கூரைத்துணியோ சிதையாமற் கிடைப்பது அரிது. உரிப்பவர் உரித்ததைக் குப்பையில் எறியாமல், ஆணிகளைத் தனித்தனிப் பையிலிட்டுப் பெயரெழுதிப் பேணுதல் வேண்டும். வண்டியை விற்க நேரும் நாளில் அதன் அருமை தெரியும்.

2024 ஏப்ரல் 21 ஆந் திகதி தியத்தலாவை நரிமலைப் போட்டியில், ஓடுபாதையை விட்டு விலகிய வண்டி பார்வையாளரிடையே பாய்ந்ததில் ஒரு சிறுபிள்ளை உட்பட ஏழுபேர் மாண்டனர். உட்புறத்தை உரித்தமையால் அது நேர்ந்தது என்று நான் கூறவில்லை. ஆனால் ஒழுங்கமைந்த போட்டியிலேயே, மேற்பார்வையோர் நிற்கும் இடத்திலேயே இது நிகழுமாயின், பள்ளிப் பிள்ளைகளும் முச்சக்கர வண்டிகளும் நெருங்கும் நம் வீதிகளில் என்னாகும்?

வெறுமனே தடுப்பதால் இளைஞர் ஆசை அடங்காது. கோயம்புத்தூரில் கரிவர்த்தன் என்பார் 1980களின் இறுதியில், வீதியிலோடிய சிறிய மாருதி வண்டியின் எஞ்சினைக் கொண்டு, இலேசான ஒற்றையாசனப் பந்தய வண்டிகளை உருவாக்கினார். மலிவான விலையில் இளைஞர் பந்தயம் பயில அவை வழிசெய்தன. பின்னர் 2005 இல் அவ்வூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் போர்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். ஊரிலே ஒருவர் வழிகாட்டினால் ஆசைக்குத் தக்க இடங் கிடைக்கும்.

நம் பழைய மாணவரிற் பொறியியலாளர் பலர். கராஜ் உடையோருஞ் சிலர் உளர். அவருள் ஒருவர் ஓட்டத்துக்கு உதவாத பழைய வண்டியொன்றையும், சில்லுக்கு ஒன்றாக நான்கு தராசுகளையும், ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரத்தையும் தருவாராயின், உயர்தர வகுப்பு மாணாக்கர் பன்னிருவரை அழைத்துவருவது என் பொறுப்பு. நிறைக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதுவதற்கு வேண்டிய சொற்களையும் நான் தொகுத்துத் தருவேன். சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்தாற் போதும். அப்பிள்ளையின் வீட்டு வண்டிக்குப் பின்னாசனம் ஒன்று பஞ்சிகாவத்தையிலே தேடிக்கொண்டிருக்கின்றோம். அதற்கும் உதவுவோர் இருந்தால் நன்று.